பிளஸ் என்று சொன்னவள்

தம்பி உள்ளே போய்க் கதவு சாத்தப்பட்டதிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர்க் குழாய்வரை போனாள். தாகமில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கல்லூரியின் கணினிக்கூடம். அங்கே கணிதப் பயிற்றுநர் வேலைக்கான செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தம்பிக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இன்று கைநழுவினால் அடுத்த முறை என்ற பேச்சே இல்லை. பார்வை போன பிறகு அவன் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அன்பாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு கல்லூரிதான், "உங்க சொந்தப் புரோகிராமை வெச்சே கணக்கு போடலாம், வந்து எழுதுங்க" என்று சொன்னது.

அந்தச் சொந்தப் புரோகிராம் அக்கா எழுதியது. அதனால்தான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அலுவலகத்தில் அவளை 'மேக்கப் மேடம்' என்பார்கள். அவள் தன் முகத்துக்குப் பவுடர்கூடப் போடமாட்டாள். பழைய புரோகிராம்களுக்கு முகம் வைப்பதுதான் அவள் வேலை. கறுப்புத் திரையில், பொத்தானும் படமும் இல்லாமல், ஒரு வரி தட்டினால் ஒரு வரி பதில் சொல்லும் அந்தக் காலத்துப் புரோகிராம்கள் எத்தனையோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மூளை அபாரமாக இருக்கும், முகம்தான் பார்க்கச் சகிக்காது. அவற்றைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் அழகாக ஒரு ஜன்னலை வைப்பாள். ஜன்னலில் நாம் கேட்பதை அது உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும். உள்ளிருந்து கொட்டும் எழுத்துக் குவியலில் எது பதில், எது வரி எண், எது வெறும் அலங்காரம் என்று பிரித்து, பதிலை மட்டும் நம் முன்னால் வைக்கும்.

தம்பி கணிதத்தில் முதுகலை முடித்தவன். வேலைக்குச் சேர்ந்து நன்றாக இருந்தவனுக்குக் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோது, வெயில் வந்ததே அவனுக்குத் தோலில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அக்கா வீடுதான் அவன் வீடு.

அப்புறம்தான் இயற்கணிதக் கணக்குப் போடும் ஒரு பழைய கறுப்புத் திரைப் புரோகிராம் அவன் வாழ்க்கைக்குள் வந்தது. இன்றைய தேர்விலும் எல்லாருக்கும் அதே புரோகிராம்தான். மனிதர்கள் பக்கம் பக்கமாகப் போடும் கணக்கை அது கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். ஆனால் விடையைப் படம் வரைவது மாதிரி அடுக்கி எழுதும். அடுக்கு எண் மேல் வரியில் நிற்கும், எழுத்து கீழ் வரியில் நிற்கும். பின்னம் என்றால் நடுவே கோடு. பார்ப்பவனுக்கு அது அழகு. திரையைப் படித்துச் சொல்லும் குரலுக்கு அந்த அழகு தெரியுமா? அது மேலிருந்து கீழாக வாசிக்கும். "ரெண்டு" என்று சொல்லி நிறுத்தும். பிறகு, "எக்ஸ் பிளஸ் ஏ" என்னும்.

"தலை ஒரு தெருவுல, உடம்பு ஒரு தெருவுலன்னு வாசிக்குதே மச்சான்!" என்று அவள் வீட்டுக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. அலுவலகத்தில் யார் யாருக்கோ ஜன்னல் வைத்தவள், தன் தம்பிக்கு ஒன்று வைக்க உட்கார்ந்தாள். அவனுடைய ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம், குரல் போதும். விடையை ஒரே வரியில் தரும்படி புரோகிராமைக் கேட்டு வாங்கி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, "எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஏ, முழுவதும் வகுத்தல் ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தாள். முதல் முறை அது சரியாகச் சொன்னபோது தம்பி மேஜையைத் தடவி அவள் கையைத் தேடினான்.

அவ்வளவு அன்பாகக் கட்டிய அந்த ஜன்னலில்தான் அவள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தம்பியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவள் வாயிலிருந்துதான் வரும். மருத்துவர், "வலி இருக்கா?" என்றால், "நேத்து இருந்துச்சு டாக்டர், இன்னிக்குப் பரவாயில்ல" என்பாள். துணிக்கடையில், "சாருக்கு என்ன கலர்?" என்றால், "நீலம்" என்பாள். போகப் போகக் கடைக்காரர்களும் அவனைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவனை நடுவில் நிறுத்திக்கொண்டு அவளிடமே கேட்டார்கள்.

"மச்சானுக்குத் தும்மல் வந்தாக்கூட நீதான் தும்முவ போல" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"அவன் எதுக்குங்க சிரமப்படணும்?" என்பாள்.

"பதில் சொல்றது ஒரு சிரமமாடி?"

அதற்குள் அவள் தம்பிக்குத் தட்டில் சோறு போடப் போயிருப்பாள்.

மழை தொடங்கிய சமயம், ஒரு வேலை நாள் காலை. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கீழே வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே தம்பி மேஜையைத் தட்டுகிறான்.

"அக்கா, உன் ஜன்னல் செத்துப்போச்சு! கணக்கைக் குடுத்து எவ்வளவு நேரமாச்சு, மூச்சே இல்ல."

ஓடிவந்து பார்த்தாள். ஜன்னல் சாகவில்லை, காத்துக்கொண்டிருந்தது. ஒரு பதில் எங்கே முடிகிறது என்று ஜன்னலுக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான். புரோகிராம் ஒரு கணக்கை முடித்ததும் 'அடுத்து என்ன?' என்கிற மாதிரி ஒரு குறியை எழுதும். அந்தக் குறி வந்தால் பதில் முடிந்தது என்று பொருள். அன்று குறி வரவில்லை. பின்னால் கறுப்புத் திரையைத் திறந்து பார்த்தால், புரோகிராம் பதில் சொல்வதற்குப் பதிலாகத் திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. 'ஏ என்பது பிளஸ்ஸா, மைனஸா?'

பாவம், அது கேட்டது நியாயம்தான். ஏ எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. புரோகிராம் இவன் பதிலுக்காகக் காத்திருந்தது. ஜன்னல் குறிக்காகக் காத்திருந்தது. இவன் ஜன்னலுக்காகக் காத்திருந்தான். மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே ஹாரன் மறுபடி அலறியது. "இதோ சரி பண்ணிடறேன்டா" என்று நின்றபடியே தட்டினாள். உள்ளிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால், ஜன்னலே 'பிளஸ்' என்று பதில் அனுப்பிவிட வேண்டும். நீளமும் எடையும் எல்லாம் பிளஸ்தானே? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முறையாகச் செய்துகொள்ளலாம்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்லடா, சின்ன அடைப்பு. எடுத்துவிட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. அடைப்பு மறுபடி வரவேயில்லை. ஆகவே அது இருந்ததையே அவள் மறந்துபோனாள்.

நடைகூடத்தில் கதவு திறந்தது. தேர்வு முடித்த இரண்டு பேர் வெளியே வந்தார்கள். தம்பிக்குக் கூடுதல் நேரம் கொடுத்திருந்ததால் அவன் உள்ளேயே இருந்தான். வந்தவர்கள் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே பேசினார்கள்.

"மூணாவது கணக்குல உனக்குத் திருப்பிக் கேள்வி கேட்டுச்சா?"

"ஆமா, ஏ பிளஸ்ஸா மைனஸான்னு. கணக்குக்குக் கீழயே போட்டிருந்தாங்களே, ஏ மைனஸ்னு. மைனஸ்னு தட்டினேன், லாகரிதம்ல விடை வந்துச்சு."

"அப்பாடா, எனக்கும் லாக்தான். அவசரத்துல பிளஸ் குடுத்திருந்தா வேற என்னமோ வந்திருக்கும்."

"மூணாவது போனா எல்லாம் போச்சு மாப்ள. அதை வெச்சுத்தான் அடுத்த ரெண்டும்."

தலையில் இடி விழுந்தாலும் ஒரு சத்தம் கேட்கும். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மழைநாள் காலையில் நின்றபடி தட்டிய அந்த ஒரு வரி மட்டும் கண்முன் வந்து நின்றது. உள்ளே, அந்தக் கதவுக்கு அப்பால், புரோகிராம் தம்பியைக் கேட்கிறது. தம்பிக்கு அது கேட்கவில்லை. அக்கா நடுவில் புகுந்து 'பிளஸ்' என்கிறாள். தவறான விடை அவன் காதில் இனிமையாக ஒலிக்கிறது. பாவி, கண்ணில்லாத பிள்ளையின் காதையும் அல்லவா பொத்திவிட்டாள்!

கதவருகே ஓடினாள். கதவில் ஒட்டியிருந்த தாள் அவளைத் தடுத்தது. 'வெளியாரின் உதவி பெறுபவர் தேர்விலிருந்து நீக்கப்படுவார்.'

உள்ளே போய்ச் சொன்னால் அவனை நீக்கிவிடக்கூடும். சொல்லாவிட்டால் அவன் தோற்பது உறுதி. தட்டுவதற்கு உயர்த்திய கை அப்படியே நின்றது. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். கையை இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள். இந்தத் தடவை தட்டிவிட்டாள்.

மேற்பார்வையாளர் அம்மா கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கண்டிப்பான அம்மா.

"என்னம்மா?"

"என் தம்பி உள்ள இருக்கான் மேடம். அவன் புரோகிராம்ல ஒரு கோளாறு. நான்தான் எழுதினேன். என் தப்பு. அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை..."

"தேர்வு நடக்குதும்மா. விடை சொல்லிக் குடுக்க வந்தீங்களா?"

"விடை எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா எனக்கு அந்தக் கணக்கே போடத் தெரியாது. ஜன்னல்ல கோளாறு. மத்தவங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போனா வந்து பார்க்க மாட்டீங்களா? அந்த மாதிரிதான்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பி யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

"சரி. உள்ள வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, கோளாறு என்னன்னு மட்டும் சொல்லுங்க. கணக்கைப் பத்தி ஒரு சொல் வந்தாலும் அவரை அனுப்பிடுவேன். சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வெளியே போயிடணும்."

தம்பி மூலை மேஜையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். நெற்றி சுருங்கியிருந்தது. விரல்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தன. ஏதோ இடிக்கிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எங்கே இடிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. மேற்பார்வையாளர் அம்மா அவன் தோளைத் தொட்டு ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்.

"உங்க அக்கா ஒரு கோளாறு சொல்லணுமாம்."

அவன் முகம் குரல் வரும் திசையைத் தேடித் திரும்பியது. இன்னும் எழுதிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தம்பி, அது உன்னைக் கேள்வி கேக்கும்டா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. உன் காதுக்கு வரவிடாம, அதுக்கெல்லாம் நானே பதில் சொல்லி வெச்சிருக்கேன்."

தம்பி ஹெட்போனை மேஜையில் வைத்தான்.

"எப்பலேர்ந்து?" என்றான்.

மேற்பார்வையாளர் அம்மா கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கதவு சாத்தும்போது அவன் குரல் கேட்டது. "மேடம், இந்த ஜன்னலை மூடிட்டு, நேரா அந்தப் புரோகிராமையே வெச்சுப் போடலாமா?"

ஜன்னல் இல்லாமலா? அந்தக் கறுப்புத் திரையோடு தனியாகவா? அடுக்கு எண் ஒரு வரி, எழுத்து ஒரு வரி என்று கொட்டுமே! பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குச் சும்மா இருந்தே தொலைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தாள்.

நேரம் முடிந்து அவன் வெளியே வந்தான். வழக்கம்போல அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைத் தொட்டபடி தானே நடந்தான். பேருந்து நிறுத்தம்வரை அவள் பின்னாலேயே போனாள். நிறுத்தத்தில் நின்றதும் கேட்டான்.

"எப்பலேர்ந்துக்கா?"

"மழை ஆரம்பிச்சப்போ... ஒரு நாள் காலைல ஜன்னல் செத்துப்போச்சுன்னு மேஜையைத் தட்டினியே, அன்னிக்கு."

"அப்போ இத்தனை நாளா நான் போட்ட கணக்குல எது என்னோடது, எது உன்னோடதுன்னே தெரியாது."

"பெரும்பாலும் பிளஸ்தானேடா வரும்..."

"பெரும்பாலுமா!" அவன் சத்தமாகவே சிரித்தான். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார். "கணக்குல பெரும்பாலும்னு ஒண்ணு கிடையாதுக்கா. ஏ மைனஸ்னு கணக்குல இருக்கு, விடையில ரூட் ஏ நிக்குது. நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மூளையும் போயிடுச்சு போலன்னு நினைச்சேன்."

அவள் அழுதாள். அவனுக்கு அது கேட்டது. ஆனாலும் அவன் தணியவில்லை.

"மூணாவதைப் போட்டியாடா?"

"போட்டேன். ஒரே வரியில பதில் சொல்ற கட்டளை எனக்கும் தெரியும். நீ ஆபீஸ் போனப்புறம் நேராவே அதுகூடப் பேசிப் பழகியிருக்கேன். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. ஆனா நேரம் போயிடுச்சு. கடைசிக் கணக்கு பாதியில நிக்குது."

"கோபமா?"

"அதுக்கும் நீயே பதில் சொல்லிக்கோ. பிளஸ்னு போட்டுக்கோ."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அக்காளும் தம்பியும் வீட்டுக்காரர் வழியாகத்தான் பேசினார்கள். "உங்க மச்சான் சாப்பிட வருவாரான்னு கேளுங்க." "வருவேன்னு சொல்லுங்க மாமா." அவர் இரண்டு பக்கமும் பார்த்து, "என்னையும் ஒரு ஜன்னல் ஆக்கிட்டீங்களே" என்று அலுத்துக்கொண்டார்.

ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் வந்ததும் முதலில் அந்த ஜன்னல் முன்தான் உட்கார்ந்தாள். 'பிளஸ்' என்ற வரியை அழித்தாள். அந்த 'அடுத்து என்ன?' குறி இல்லாமல், கேள்விக்குறியோடு ஒரு வரி நின்றுவிட்டால், அது விடை இல்லை, கேள்வி என்று ஜன்னலுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேள்வியை அப்படியே வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும். எழுத அது சுலபமாகத்தான் இருந்தது. எழுதி முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அவனே ஒரு நாள் வந்து உட்கார்ந்து, கணக்குகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனான். குறை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதாமலும் இருந்தது.

முடிவு வரவில்லை. கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் எடுத்தாள். விண்ணப்பத்தில் அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். தெரியாத எண் ஒவ்வொன்றும் காப்பீடு விற்பவர்களாகவே இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலை மறுபடி தெரியாத எண். எடுத்தாள். அந்தக் கண்டிப்பான குரல்!

"உங்க தம்பிதான் தேர்வாகியிருக்கார். கடைசிக் கணக்கு முடியல, ஆனா மூணாவதுல ஏ பிளஸ்ஸா இருந்தா என்ன வரும், மைனஸா இருந்தா என்ன வரும்னு ரெண்டையும் எழுதி வெச்சிருந்தார். தேர்வுக் குழுவுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா ஒரு விஷயம். காலியா இருக்கறது மாலை வகுப்பு. வீடு திரும்ப இருட்டிடும். அவருக்கு இருட்டு என்ன, வெளிச்சம் என்னன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது சரியாப் படல. மாலை வகுப்பு சம்மதமா? இப்பவே தெரியணும்."

சம்மதம், சம்மதம், ஆயிரம் தடவை சம்மதம்! சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். அவன்கிட்டயே குடுக்கறேன்."

தம்பி குளியலறையில் இருந்தான். கதவைத் தட்டினாள். "தம்பி, போன்டா! காலேஜ்லேர்ந்து! நீ தேறிட்டடா!"

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. சோப்பு நுரையோடு ஒரு கை வெளியே வந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

அவள் கதவில் காதை வைத்தாள்.

"வணக்கம் மேடம்... ரொம்ப நன்றி மேடம்... மாலையா?" உள்ளே குழாய் மட்டும் சொட்டியது. "இல்ல மேடம், மாலை வேண்டாம்."

கடவுளே, என்ன சொல்கிறான் இவன்! கதவை உடைத்துக்கொண்டு போய்ப் போனைப் பிடுங்கலாமா? வீட்டுக்காரர் ஓடிவந்து அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருடி" என்று கிசுகிசுத்தார்.

"இருட்டு எனக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்று உள்ளே குரல் தொடர்ந்தது. "மாலைல கூடத்துல சத்தம் அதிகம்னு தேர்வு முடிஞ்ச சாயங்காலமே கவனிச்சேன். எதிர்ல மைதானம் இருக்கு. எனக்குக் காதுதானே எல்லாம்? காலைல குடுத்தா நல்லா சொல்லிக் குடுப்பேன்... கேட்டுச் சொல்றீங்களா? சரி மேடம். காத்திருக்கேன்."

கதவு மறுபடி விரல் அளவு திறந்தது. போன் நுரையோடு வெளியே வந்தது.

"என்னடா சொன்னாங்க?" என்றாள் அழுகையும் கோபமுமாக.

"குழுவைக் கேட்டுட்டுக் கூப்பிடறாங்களாம். துண்டு எடுக்க மறந்துட்டேன், குடேன்."

அவள் துண்டைக் கொடுத்தாள். போனைப் புடவையில் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அவன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினான். போன் இன்னும் ஒலிக்கவில்லை.